ஹைலக்ஸை விட்டு டி-மெக்ஸுக்கா, எல்200க்கா? முல்லைத்தீவு – பேலியகொடை ஓட்டத்துக்கு ஒரு பதில்

தம்பி, வேறு யாராவது படித்தாலும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். கையில் இருப்பது 2008ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, 3.0 டீசல், ஐந்து கியர். முல்லைத்தீவில் நண்டும் இறாலும் வாங்கி, ஐஸ் போட்டு, வாரத்தில் இரண்டு இரவு கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தைக்குக் கொண்டுபோகிறீர்கள். முதுகு நோகிறது, உள்ளே சத்தம் தாங்கவில்லை, குளிரில் டக் டக் என்று சத்தம் எழும்புவதால் என்ஜினிலும் நம்பிக்கை குறைந்துவிட்டது. மிட்சுபிஷி எல்200 ஒன்றும் இசுசு டி-மெக்ஸ் ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை எடுப்பது, மாறத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

மாறுவதென்றால் டி-மெக்ஸ் பக்கம் போங்கள் என்பதே என் எண்ணம். ஆனால் உங்கள் கேள்வி முழுவதும் தூரத்தைப் பற்றியும் என்ஜினைப் பற்றியுமே இருக்கிறது. டீசல் என்ஜினுக்கு நெடுந்தூர ஓட்டம் சுகமான வேலை. ஒருமுறை நன்றாகச் சூடேறி, ஒரே சுழற்சி வேகத்தில் மணிக்கணக்கில் ஓடுவதைத்தான் அது விரும்பும். முள்ளியவளைக்கும் வீட்டுக்கும் இடையே பத்து நிமிடம் ஓடி நிறுத்துவதுதான் அதைக் கெடுக்கும். உங்கள் வாகனத்தைத் தின்பது பின்தட்டிலிருந்து உருகி ஒழுகும் ஐஸ்தண்ணீர். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுசுட்டான் வழியாக ஏ34 வீதியில் மாங்குளம், அங்கிருந்து ஏ9இல் வவுனியா, மதவாச்சி கடந்து அநுராதபுரம். பிறகு புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று கரையோரமாக இறங்கலாம். அல்லது பாதெனிய வழியாகக் குருநாகல் வந்து, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அதிவேக வீதித் துண்டில் மீரிகம வரை வரலாம். ஒரு பக்கம் ஏறக்குறைய 350 கிலோமீற்றர். இந்த நீளத்தில் கண்டி வீதியின் கடுகண்ணாவையைப் போன்ற ஏற்றம் ஒன்றுகூட இல்லை. விற்பவர் சொல்லும் முறுக்குவிசை எண்களை அதனால் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் விகோ 343 நியூட்டன் மீற்றர் தருகிறது, புதிய எல்200இன் 2.4 என்ஜின் 430 தருகிறது, இசுசுவின் 1.9 என்ஜின் 350 தருகிறது. அரைத் தொன் சாமானுடன் சமதரையில் 70 கிலோமீற்றர் வேகத்தில் போவதற்கு இவற்றில் எதுவும் போதும். அதற்கு மேல் இருப்பது முந்திச் செல்லும்போது கிடைக்கும் மகிழ்ச்சி.

சத்தமும் களைப்பும் பெரும்பாலும் கியரின் கணக்கு. இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 265/70 ஆர்16 அளவு ரயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.44 மீற்றர். 80 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 546 முறை சுழலும். கடைசி கியரின் விகிதத்தையும் பின் அச்சின் டிபரன்ஷல் (சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) விகிதத்தையும் பெருக்கி, வரும் எண்ணால் 546ஐப் பெருக்கினால் என்ஜினின் சுற்று வரும். கடைசி கியர் 0.83, டிபரன்ஷல் 4.1 என்றால் நிமிடத்துக்கு 1,850 சுற்றுக்கு மேல். 0.70, 3.73 என்றால் 1,425. அதே வேகம், அதே வீதி. ஆனால் நிமிடத்துக்கு நானூறுக்கு மேற்பட்ட சுற்றுகள் குறைவு. இரவு முழுக்க ஓடும்போது காதுக்கும் மூளைக்கும் அது பெரிய வேறுபாடு. வாகனத்தின் கையேட்டில் இந்த விகிதங்கள் இருக்கும். விலை பேசுவதற்கு முன் மூன்று வாகனங்களுக்கும் கணக்குப் போடுங்கள். ஆறு கியர் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றை எடுக்க வேண்டாம். ஆறாவது கியர் மற்றதன் ஐந்தாவதற்குச் சமமாக இருப்பதும் உண்டு.

ஆறு கியர் வாகனத்துக்கு மாறுகிறவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். டீசல் மிச்சம் என்று நினைத்து 55, 60 வேகத்திலேயே ஆறாவதைப் போட்டுவிடுவார்கள். சாமான் ஏற்றிய வாகனம் 1,200 சுற்றுக்குக் கீழே உறுமிக்கொண்டு இழுக்கும்போது என்ஜினுக்கும் கிளச்சுக்கும் இடையில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் இரட்டைச் சக்கரத் தகடு (டூவல் மாஸ் பிளைவீல்) அடி வாங்குகிறது. அதை மாற்றும் செலவில் பல மாத டீசல் அடிக்கலாம்.

முதுகு நோவுக்கு வருகிறேன். வாகனத்தை விற்பதற்கு முன் ரயரின் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். தேயாமல் இருந்தாலும் அந்த வயது ரயர் இறுகிப் போயிருக்கும். கிரவல் வீதியின் ஒவ்வொரு கல்லையும் இடுப்புக்கு அனுப்பும். சாமான் ஏற்றும்போது பின்ரயருக்குக் கூட்டிய காற்றை, வெறும் வண்டியாகத் திரும்பும்போது குறைக்கிறீர்களா? கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு அழுத்தங்களும் எழுதப்பட்டிருக்கும். பின்வில்லுக்கு மேலதிகத் தகடு போட்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். துள்ளலுக்குப் பாதிக் காரணம் அதுதான். டி-மெக்ஸ் வாங்கிய மறுவாரம் அதற்கும் இரண்டு தகடு போட்டால் முதுகு நோவும் கூடவே வந்துவிடும்.

அந்தத் தகடுகளால் துள்ளலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இந்த வகை வாகனங்கள் பலவற்றில் பின் அச்சையும் சட்டகத்தையும் இணைக்கும் மெல்லிய கம்பி ஒன்றும், அதன் முனையில் ஒரு பிரேக் வால்வும் இருக்கும். சாமான் ஏறி வாகனம் தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தம் கூடும்; வெறுமையாக உயர்ந்து நின்றால் குறையும். தகடு சேர்த்து வாகனத்தை உயர்த்தினால், பாரம் இருந்தும் இல்லை என்று வால்வு நினைத்துக்கொள்ளும். பின்பிரேக் பாதிதான் பிடிக்கும், வேலை முழுவதும் முன்சக்கரங்களின் தலையில் விழும். உப்புத்தண்ணீர் பட்டு அந்த வால்வு இறுகிவிட்டால் சொல்லவே வேண்டாம். கனகராயன்குளம், புளியங்குளம் பக்கம் இரவில் தாரின் சூட்டுக்குப் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளை உங்களுக்குத் தெரியும். அநுராதபுரம் – புத்தளம் வீதியில் யானை நிற்கும். முதல் செலவு எதற்கு என்று என்னைக் கேட்டால் இந்த வால்வுக்கும் முன்விளக்குக்கும் என்றுதான் சொல்வேன்.

இனி உப்பு. மீன் ஏற்றும் வாகனத்தின் சட்டகம் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்து துருப்பிடிப்பது அதிகம். சட்டகம் ஒரு நீளப் பெட்டி. ரெஜிபோம் பெட்டிகளிலிருந்து வடியும் தண்ணீர் தட்டின் ஓட்டைகளால் இறங்கி அந்தப் பெட்டிக்குள் போகிறது. அடியில் இருக்கும் வடிகால் துளைகளைச் சேறு அடைத்துவிடுகிறது. மீனின் கழிவும் உப்பும் கலந்த அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. வெளியில் கறுப்புப் பூச்சு பளபளக்கும். உள்ளே தகடு தாளாகிக்கொண்டிருக்கும். முதலில் போவது பின்வில்லின் முன் கொளுவி இருக்கும் இடம். அடுத்து பின் அச்சுக்கு மேலே சட்டகம் வளையும் பகுதி. அதே நேரத்தில் பிரேக் குழாயும் அரிக்கப்படும். வட்டுவாகல் பாலத்தில் நீர் மேவும் நாட்களில் அதற்குள்ளால் ஓட்டிப் போகிறவர்கள் இதற்கு மேலதிகமாக நந்திக்கடல் தண்ணீரையும் அடியில் பூசிக்கொள்கிறார்கள்.

ஆகவே, எதை வாங்கப் போனாலும் முதலில் வாகனத்தின் அடியில் படுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சுத்தியலால் சட்டகத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகச் சத்தமிடும், சில வேளை சுத்தியலே உள்ளே போய்விடும். அண்மையில் பூசிய தடித்த கறுப்புப் பூச்சைக் கண்டால் சந்தேகப்படுங்கள். கரையோரத்தில் ஓடிய வாகனத்தைவிட உள்நாட்டில் அலுவலக வேலைக்கு ஓடிய வாகனம், மீற்றர் கூடுதலாக இருந்தாலும், உங்களுக்கு நல்லது. இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய என்ஜினைத் திறந்து சரிப்படுத்தலாம். இற்றுப்போன சட்டகத்துக்கு ஒட்டுப் போட்டு ஏ9இல் இரவில் ஓடச் சொல்லி யாருக்கும் நான் ஆலோசனை தரமாட்டேன்.

வாங்கிய பிறகு, தட்டில் ஒரு முழு விரிப்பைப் போட்டு, வடியும் தண்ணீரை ஒரே குழாயால் சட்டகத்துக்கு வெளியே, பின்சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி இறக்குங்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரால், கிணறு உவராக இருந்தால் குழாய்த் தண்ணீரால், அடியைக் கழுவுங்கள். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி விடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் மூன்று வாகனங்களில் எதை எடுத்தீர்கள் என்பதைவிட இது அதன் ஆயுளைத் தீர்மானிக்கும்.

இப்போது இரண்டு வாகனங்களையும் ஒப்பிடலாம். எல்200இல் இரண்டு தலைமுறைகள் உங்கள் கண்ணில் படும். 2015க்கு முந்தியதில் 2.5 என்ஜின், 4டி56 என்று பெயர். தாங்கக்கூடிய பழைய என்ஜின்தான், ஆனால் அதில் டைமிங் பெல்ட்டோடு அதிர்வைக் குறைக்கும் தண்டுக்கான சின்னப் பெல்ட் ஒன்றும் ஓடுகிறது. சின்னது அறுந்தால் பெரியதில் சிக்கும், பெரியது நழுவினால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். எப்போது மாற்றியது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு முதல் வாரத்தில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். 2015க்குப் பிந்தியதில் 2.4 என்ஜின், 4என்15. அதில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின். இழுவை நல்லது, சத்தம் குறைவு, வாகனம் குறுகிய இடத்திலும் திரும்பும். குடும்பத்தோடு பயணம் செய்பவர் கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். சில எல்200களில் நடுவிலும் டிபரன்ஷல் உள்ள நான்கு சக்கர ஓட்டம் இருக்கிறது. மழையில் தார் வீதியிலேயே அதைப் போட்டு ஓடலாம். டி-மெக்ஸிலோ உங்கள் ஹைலக்ஸிலோ காய்ந்த தாரில் அப்படி ஓடக்கூடாது.

உங்களுக்கு நான் எல்200ஐத் தள்ளிவைப்பதற்குக் காரணம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம். எல்200இல் அது 3,000 மில்லிமீற்றர். டி-மெக்ஸில் 3,095, உங்கள் விகோவில் 3,085. பத்துச் சென்ரிமீற்றர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்தக் குறைவால் தட்டின் பெரிய பகுதி பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. ஐஸ் பெட்டிகளைத் தட்டின் பின்கதவோரம் வரை அடுக்கினால் மூக்கு உயரும், ஸ்டியரிங் இலேசாகும், முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். கிரவல் பள்ளங்களில் அந்தப் பாரம் நெம்புகோலாகி, கபினுக்கும் தட்டுக்கும் இடையில் சட்டகத்தை வளைக்கப் பார்க்கும். உப்பில் மெலிந்த சட்டகமாக இருந்தால் வளைந்தே விடும். எல்200ஐத்தான் வாங்குவது என்று முடிவு செய்தால் பாரமான பெட்டிகளைக் கபினோடு ஒட்டி அடுக்குங்கள், வெறும் பெட்டிகளைப் பின்னால் வையுங்கள்.

டி-மெக்ஸின் 3.0 என்ஜின் 4ஜேஜே1. வார்ப்பிரும்பு உடல், டைமிங் செயின், பதற்றமில்லாத இழுவை. சத்தம் எல்200ஐவிடக் கூடத்தான். வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்புறம் துள்ளும். சொகுசைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாந்து போவார். பாரத்தோடு ஓடும்போதுதான் அதன் அருமை தெரியும். 1.9 கிடைத்தால் அதையும் ஒதுக்காதீர்கள். உங்கள் பாரத்துக்கும் சமதரைக்கும் போதும், டீசலும் குறையும். சட்டகம் இற்ற 3.0ஐவிடச் சட்டகம் சுத்தமான 1.9 நல்லது. நிசான் நவாராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது காட்டினால், பழைய 2.5 என்ஜினின் மேல் செயின் நீண்டு அறுவது தெரிந்த வியாதி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எரிபொருள் மிச்சத்துக்காக மாறுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கையும் காட்டுங்கள். போய்வர 700 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 ஓடும் வாகனம் 70 லீற்றர் குடிக்கும், 12 ஓடுவது 58. கடல் கொந்தளிக்கும் வாடைக் கால வாரங்களைக் கழித்து, ஆண்டுக்கு 80 ஓட்டம் என்று வைத்தால் மிச்சம் 930 லீற்றர் அளவில் வரும். அதை இன்றைய விலையால் பெருக்கி, விகோவை விற்றபின் நீங்கள் மேலே போட வேண்டிய தொகையின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2020இல் இறக்குமதி நின்றதிலிருந்து பழைய டீசல் வாகனங்களின் விலை போன உயரம் உங்களுக்குத் தெரியும். 2025இல் மீண்டும் திறந்துவிட்டபோதும் வரி குறையவில்லை. லீசிங் வட்டியையும் சேர்த்தால் டீசல் மிச்சம் பல ஆண்டுகளுக்கு அதை ஈடுசெய்யாது. நம்பிக்கையாக ஓடி விடியுமுன் சந்தையில் நிற்பதற்காக மாறுவது என்றால் அது நியாயமான காரணம்.

டீசலைப் பற்றி ஒரு வார்த்தை. போர்க்காலத்தில், எரிபொருள் தடை இருந்தபோது, வன்னியில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதைக் கண்டவர்களுக்கு எந்த என்ஜினும் எதையும் குடிக்கும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அன்றைய இயந்திரப் பம்புகள் பொறுத்துக்கொண்டன. இன்றைய கொமன் ரெயில் முறையில் அழுத்தம் 1,500 பாருக்கு மேல் போகிறது, பம்புக்கு உராய்வுநீக்கியும் அந்த டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. படகு என்ஜினுக்கு வாங்கிய மண்ணெண்ணெய்ப் பீப்பாய் வளவில் இருக்கிறது என்பதற்காக அவசரத்துக்கு ஐந்து லீற்றர் ஊற்றினாலும் பம்பும் இன்ஜெக்டரும் தேயத் தொடங்கும். கான்களில் விற்கும் டீசலும் வேண்டாம். புகைக்கரி வடிகட்டி பொருத்திய புதிய வாகனம் எதையாவது பார்த்தால், அதற்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் தொடர்ந்து தேவை. உங்கள் பக்கத்து எரிபொருள் நிரப்பு நிலையத்தில் அது எப்போதும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

பத்திர வேலையில் நீட்ட ஒன்றும் இல்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள சட்டக இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் இரும்பில் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள். பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிய என்ஜின் ஏறியிருப்பது குற்றமல்ல, சான்றிதழில் மாற்றாமல் விட்டிருந்தால் தலையிடி உங்களுக்கு. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீங்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் நடப்பு ஆண்டுக்கு இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது பகலில், வெறும் வண்டியாக, கடைத்தெருவைச் சுற்றி என்றால் ஒன்றும் தெரியாது. விற்பவர் சம்மதித்தால் மண்மூட்டைகளால் உங்கள் வழக்கமான பாரத்தை ஏற்றி, இருட்டியபின் ஒட்டுசுட்டான் வரை போய்வாருங்கள். காலையில், என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது நீங்களே திறப்பைப் போடுங்கள். வரும்வரை சூடாக்கி வைத்திருந்தார்கள் என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் விகோ. அந்த 3.0 என்ஜினில் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வளையங்கள் கசிந்தால், எரிந்த வாயு ஓயிலுக்குள் போய்க் கரியாகி, ஓயிலை உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஓயில் அழுத்தம் விழுந்தால் டர்போவும் பேரிங்குகளும் போய்விடும். நீங்கள் சொல்லும் நம்பிக்கைக் குறைவு, குளிரில் எழும்பும் அந்த டக் டக் சத்தம், அநேகமாக இங்கேதான் இருக்கிறது. கீழே இருக்கும் ஓயில் தட்டைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்க அரை நாள் போதும். சுத்தமாக இருந்து, சட்டகமும் சுத்தியலுக்குக் கணீரென்று பதில் சொன்னால், வளையங்களையும் 1,50,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டையும் மாற்றி, புதிய ரயர் நாலும் போட்டு, மேலதிகத் தகடுகளைக் கழற்றிவிட்டு இன்னும் இரண்டு ஆண்டு ஓடலாம். சட்டகம் மந்தமாக ஒலித்தால் ஓயில் தட்டில் கை வைக்காதீர்கள். அந்தப் பணத்தை டி-மெக்ஸுக்கு வையுங்கள். முதலில் சுத்தியல், பிறகு சல்லடை. பார்த்துவிட்டு எழுதுங்கள், டி-மெக்ஸின் ஆண்டையும் என்ஜின் இலக்கத்தையும் சேர்த்து அனுப்பினால் விலையைப் பற்றியும் சொல்கிறேன்.